உதவித்தொகை மகள் பெயரில், ஏ.டி.எம். கார்டு அப்பா கையில்

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவர் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கிறவர். வீட்டுக்காரர் திருப்பூரில் கொத்தனார். மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். மகள் உள்ளூர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு, மகன் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு. மகள் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். எனப்படும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறினாள். ஒன்பதாம் வகுப்புக்கான 12,000 ரூபாய் அவள் கணக்கில் ஒரே தொகையாக ஏறியது. கணக்குக்குக் காப்பாளர் அப்பா, கார்டும் அவரிடம்தான். பணம் வந்த வாரமே திருப்பூரில் வைத்து எடுத்துவிட்டார். வீட்டுக்கு ஓடு மாற்றியதில் எட்டாயிரம் போனது, மீதிக்குக் கணக்கு இல்லை. கேட்டால், “நான் அப்பன், என் கையெழுத்துல இருக்குற கணக்கு” என்கிறாராம்.

இந்த ஆண்டுப் பணம் இன்னும் வரவில்லை. புதுப்பிக்க ஓ.டி.பி. வேண்டும் என்று வகுப்பாசிரியர் இரண்டு முறை கேட்டிருக்கிறார். எண் போவது அப்பாவின் போனுக்கு. அவர் சாரத்தில் நின்று வேலை பார்க்கும் நேரத்தில் எடுப்பதில்லை. எடுத்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. “நேர்ல போய்க் கேக்கலாம்னா, நீங்க வர வேண்டாம், நாங்க பாத்துக்கிறோம்கிறாங்க. பணத்தைப் பத்திப் புகார் சொன்னா ஸ்காலர்ஷிப்பையே நிறுத்திருவாங்கன்னு எங்க மாமியார் சொல்றாங்க” என்று எழுதியிருக்கிறார். இதற்கிடையே திருமங்கலம் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்று, பத்தாவதில் நல்ல மதிப்பெண் எடுத்தால் பதினொன்றில் கட்டணமே இல்லை என்று ஆள் அனுப்பியிருக்கிறது. அதில் சேர்த்தால் இந்தப் பணம் தொடருமா? மகனும் இந்த வருடம் தேர்வு எழுத வேண்டும், வருமானச் சான்றிதழில் என்ன போடுவது? இவைதான் கேள்விகள்.

அம்மா, முதலில் உங்கள் மாமியார் சொன்னதைத் தள்ளி வையுங்கள். வங்கியிலோ பள்ளியிலோ கேள்வி கேட்டதற்காக உதவித்தொகையை நிறுத்தலாம் என்று எந்த விதியும் இல்லை. அது நிற்கும் காரணங்கள் வேறு. பிள்ளை வகுப்பில் தேறாமலோ, பத்தாவதில் வேண்டிய மதிப்பெண் எடுக்காமலோ போனால் நிற்கும். அரசு, அரசு உதவி பெறும் அல்லது உள்ளாட்சிப் பள்ளியை விட்டு வெளியே போனால் நிற்கும். வருடாவருடம் புதுப்பிக்காமல் விட்டாலும் நிற்கும். இந்த மூன்றாவதுதான் உங்கள் வீட்டு வாசலில் இப்போது நிற்கிறது. பழைய பணத்தைப் பற்றிய கோபத்தில் அதைக் கோட்டைவிட்டுவிடாதீர்கள்.

தேர்வில் ஒரு தடவை தேறிவிட்டால் நான்கு வருடமும் பணம் தானாக வரும் என்று நீங்கள் நம்பியிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நிறையப் பெற்றோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை, ஆண்டுக்கு 12,000 என்று மொத்தம் 48,000 ரூபாய்க்குப் பிள்ளை தகுதி பெற்றிருக்கிறாள். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதைப் பள்ளி சரிபார்க்க வேண்டும், அதற்கு மேல் அதிகாரிகள் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். இந்தச் சங்கிலியில் எங்கே அறுந்தாலும் யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். பணம் வராதபோதுதான் தெரியும்.

அந்தப் பன்னிரண்டாயிரம்

சட்டம் உங்கள் பக்கம்தான். மைனர் கணக்கில் காப்பாளராகக் கையெழுத்துப் போடுகிறவர் அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். பிள்ளையின் நன்மைக்காக அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டுமே அவருக்கு உண்டு. “அப்பன் கையெழுத்து” என்பது உரிமைப் பத்திரம் கிடையாது.

ஆனாலும் அதற்காகக் காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகச் சொல்ல மாட்டேன். ஓடு மாற்றிய எட்டாயிரம் மகளும் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. எந்த நீதிபதியும் அதைப் பெரிய மோசடியாகப் பார்க்க மாட்டார். மீதி நாலாயிரத்துக்காக வழக்கு நடத்தினால் பேருந்துக் கட்டணமும் போன கூலியும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். வீட்டுக்காரர் ஊருக்கு வரும்போது ஒரே விஷயத்தைக் கேளுங்கள்: இனி வரும் பணம் எங்கே ஏற வேண்டும், எதற்குச் செலவாக வேண்டும். போனது போகட்டும் என்று நீங்களே சொல்லிவிட்டுத் தொடங்கினால் அவரும் இறங்கி வருவார் என்று நினைக்கிறேன். அடிதடி, மிரட்டல் என்று நிலைமை வேறு மாதிரி இருந்தால் மட்டும் மதுரை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வாருங்கள், அல்லது 15100 எண்ணில் பேசுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். மகளை அப்பாவிடம் தூது அனுப்பாதீர்கள். உங்கள் கடிதம் அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது என்று புரிகிறது. அப்பாவைப் பற்றிய வரிகளில் எழுத்து அழுந்திப் பதிந்திருக்கிறது. பொதுத்தேர்வு எழுதப்போகிற பிள்ளை, உங்கள் இருவர் சண்டைக்கும் எழுத்தர் வேலை பார்க்க வேண்டாம்.

புதுக் கணக்கு, ஆதார், ஓ.டி.பி.

இதுதான் உண்மையான வேலை, சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அப்பா இருக்கும்போது அம்மா காப்பாளர் ஆக முடியாது என்று வங்கியில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. 1956ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தில் முதலில் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா என்றுதான் எழுதியிருக்கிறது, உண்மை. ஆனால் 1999இல் உச்ச நீதிமன்றம் அந்தப் ‘பிறகு’ என்பதற்கு அப்பா இறந்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ளக்கூடாது என்று சொல்லிவிட்டது. அப்பா ஊரில் இல்லாமல் பிள்ளை முழுக்க அம்மா பொறுப்பில் இருந்தால் அம்மாவே இயற்கைக் காப்பாளராக இருக்கலாம். மகன் பெயரில் ரிசர்வ் வங்கிக் கடன் பத்திரம் வாங்கப் போன ஒரு தாயிடம் அப்பா கையெழுத்து கேட்டதால் எழுந்த வழக்கு அது. கீதா ஹரிஹரன் எதிர் ரிசர்வ் வங்கி என்று பெயர். சேமிப்புக் கணக்கைப் பொறுத்தவரை ரிசர்வ் வங்கியின் விதியிலேயே, தாயைக் காப்பாளராக வைத்து மைனர் கணக்குத் திறக்கலாம் என்று இருக்கிறது. பத்து வயது தாண்டிய பிள்ளை தன் பெயரிலேயே கணக்குத் திறந்து தானே நடத்தவும் வங்கிகள் அனுமதிக்கலாம். எவ்வளவு வரை என்ற வரம்பை அந்த வங்கி வைத்துக்கொள்ளும்.

இரண்டில் எது நல்லது? பதினைந்து வயது, விவரமான பிள்ளை. அவளே கையெழுத்திடும் கணக்கைத்தான் நான் சொல்வேன். கார்டு இப்போதைக்கு வேண்டாம், பாஸ்புக் போதும். வங்கி அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் நீங்கள் காப்பாளர். உங்களுக்குப் பெயர் மட்டும்தான் எழுத வரும் என்று தயங்குகிறீர்கள், அதுவே போதும். பெருவிரல் ரேகை வைப்பவர்களுக்கும் வங்கியில் கணக்கு உண்டு.

புதுக் கணக்கோடு வேலை முடியாது, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும், கடைசியாக எந்தக் கணக்கை ஆதாரோடு நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைத்தீர்களோ அங்கேதான் போய் விழும். புதுக் கணக்குத் திறந்து, இணைப்புப் படிவம் கொடுக்காமல் வந்தால் பணம் மறுபடியும் திருப்பூர் கார்டுக்கே போகும். ஆகவே வங்கியில், “ஆதாரை இந்தக் கணக்குக்கு மாத்திக் குடுங்க, அரசாங்கப் பணம் இதுல வரணும்” என்று கேட்டு, படிவம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். சில நாள் கழித்து இ-சேவை மையத்தில், எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்று ஆதார் இணையதளத்தில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பழைய கணக்கை மூட வேண்டாம். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும், வீணாக ஒரு சண்டை.

அப்புறம் போன் எண். மகளின் ஆதாரில் அப்பா எண் இருக்கிறது. ஆதார் மையத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போய் உங்கள் எண்ணுக்கு மாற்றுங்கள். பதினைந்து வயதானதும் கைரேகையும் கண்விழியும் மறுபடி பதிய வேண்டும் என்பது விதி. அதையும் அதே தடவையில் முடித்துவிடலாம். பெயரையும் அங்கேயே பாருங்கள். பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் முன்னால் ஓர் எழுத்தாக இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டியிருக்கும். நமக்கு இரண்டும் ஒரே பிள்ளை. கணினிக்கு இரண்டு பேர். எது சரியோ அதன்படி மற்றதை மாற்றக் கேளுங்கள்.

இதெல்லாம் முடியும் வரை இந்த ஆண்டுப் புதுப்பித்தல் காத்திருக்காது. தளம் திறந்திருக்கும் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆகவே நாளைக்கே கேளுங்கள். வீட்டுக்காரரிடம் இன்று இரவு பேசி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியர் ஓ.டி.பி. அனுப்புவார், அந்த அரைமணி நேரம் போனைக் கையில் வைத்திருங்கள் என்று சொல்லுங்கள். ஆசிரியரிடமும் அதே நேரத்தைச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: பள்ளி ஆசிரியர், நீங்கள் அறிந்தவர், உதவித்தொகைத் தளத்துக்காகக் கேட்டால் சொல்லலாம். “ஸ்காலர்ஷிப் ஆபீஸ்ல இருந்து பேசுறோம்” என்று யாராவது வங்கி ஓ.டி.பி. கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

“நீங்க வர வேண்டாம்”

ஆசிரியர் இதை எந்த மனசோடு சொன்னாரோ தெரியாது. ஒரு நாள் கூலி போய்விடக்கூடாது என்ற அக்கறையாகக்கூட இருக்கலாம். ஒரு ஆசிரியர் பாடமும் நடத்தி, பல திட்டங்களின் பதிவும் ஏற்றி, தேர்வு வேலையும் பார்க்கிற பள்ளிகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. “நாங்க பாத்துக்கிறோம்” என்பதை அவர் நல்லெண்ணத்தில் சொன்னாலும் நீங்கள் நம்பி விட்டுவிடக்கூடாது. உங்கள் பிள்ளை விண்ணப்பம் அவருக்கு முப்பதில் ஒன்று, உங்களுக்கு ஒன்றே ஒன்று.

விடியுமுன் தொடங்கும் பூப்பறிப்பு ஒன்பது ஒன்பதரைக்கு முடிந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தரை மணிக்குப் பள்ளிக்குப் போங்கள். சண்டை பிடிக்க வேண்டாம். கேட்க வேண்டியது மூன்று: மகளின் விண்ணப்ப எண் என்ன, பள்ளி சரிபார்த்து அனுப்பிவிட்டதா, அதற்கு மேல் எந்த நிலையில் இருக்கிறது. மூன்றையும் மகளின் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியரையே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த ஒன்றை யாரும் லேசில் மறப்பதில்லை.

இன்னொன்றும் செய்யலாம். கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி அமைக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம் மாநிலத்தில் பெற்றோரில் ஒருவரே தலைவர், அவரும் பெண்ணாகத்தான் இருப்பார். அவரைப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கதையை அங்கே அவிழ்க்க வேண்டியதில்லை. “ஸ்காலர்ஷிப் வாங்குற பிள்ளைகளுக்குப் புதுப்பிக்கிற கடைசித் தேதியை நோட்டீஸ் போர்டில் போடணும், பெற்றோருக்குச் சொல்லணும்” என்று ஒரு தீர்மானம் கேளுங்கள். உங்களைப்போல் அதே பள்ளியில் இன்னும் நாலு அம்மாக்கள் இருப்பார்கள். பள்ளியில் பதில் கிடைக்காவிட்டால் 14417 கல்வி உதவி எண் இருக்கிறது. திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுக்கலாம். முதல் வாரமே மனுவோடு மதுரைக்கு ஓட வேண்டாம், அவ்வளவுதான்.

பதினொன்றாம் வகுப்பு

தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்த உதவித்தொகை அந்த இடத்தோடு நின்றுவிடும். ஆள் அனுப்பிய பள்ளி இதைச் சொல்லியிருக்காது. பதினொன்று, பன்னிரண்டுக்கு மொத்தம் 24,000 போகிறது. அதைவிடப் பெரிதாகப் போவது வேறு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் போகும். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடும் போகும். இரண்டு வருடத் தனியார் படிப்புக்காக இத்தனையையும் விடலாமா என்று நீங்களும் மகளும் யோசியுங்கள். கட்டணம் இலவசம் என்கிறார்களே, வேன், சீருடை, புத்தகம், விடுதி இலவசமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அப்படியும் அவள் படிக்க விரும்பும் பாடப்பிரிவு பக்கத்து அரசுப் பள்ளிகள் எதிலும் இல்லை என்றால், அது வேறு கணக்கு. அப்போது நஷ்டம் தெரிந்தே முடிவெடுங்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளி பத்தோடு முடிகிறது. அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தாலும் ஒரு வேலை இருக்கிறது: விண்ணப்பம் புதுப் பள்ளியின் பெயருக்கு மாற வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே விண்ணப்ப எண், பதிவு எண், பதிவு செய்த போன் எண் மூன்றையும் எழுதி வாங்கி, புதுப் பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே கொடுத்துவிடுங்கள். பள்ளி மாறும் இந்தக் கோடை விடுமுறையில்தான் உதவித்தொகை தொலைந்துபோவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மகளுக்கு ஒரு வார்த்தை, அவள்தான் இதைப் படித்துக் காட்டுவாள்: பாப்பா, பதினொன்றிலும் தொகை தொடர, பத்தாவதில் 60 சதவீதம் வேண்டும், 500க்கு 300. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 55 சதவீதம். நீ எழுதியிருக்கும் அரையாண்டு மதிப்பெண்ணைப் பார்த்தால் அது உனக்குப் பெரிய விஷயமில்லை. வங்கிப் படிவமெல்லாம் அம்மா பார்த்துக்கொள்ளட்டும்.

மகனுக்கு வருமானச் சான்றிதழ்

போன முறை மகளுக்கு வாங்கியபோது இ-சேவை மையத்தில் இருந்தவர் 72,000 என்று போட்டுக்கொடுத்தார், உண்மை வருமானம் அதைவிட அதிகம், மாட்டிக்கொள்வோமா என்று பயப்படுகிறீர்கள். நம் மாவட்டத்தில் பாதிப் பேரின் ஆண்டு வருமானம் சொல்லிவைத்தாற்போல் 72,000தான்! முன்பு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு அந்த வரம்பு இருந்தது, அப்படியே பழகிவிட்டது. இந்தத் திட்டத்தில் பெற்றோர் வருமான வரம்பு ஆண்டுக்கு மூன்றரை லட்சம். வீட்டுக்காரருக்கு வேலை இருக்கும் மாதம் இருபதாயிரம் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா மாதமும் வேலை இருந்தாலும் 2,40,000. உங்கள் கூலி மாதம் நாலாயிரம் என்றால் 48,000. இரண்டும் சேர்ந்து 2,88,000, வரம்புக்குள்தான். குறைத்துப் போட வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். உண்மை வருமானத்திலும் மகளுக்குத் தகுதி இருந்ததால் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் மகனுக்கு உண்மையான தொகையையே சொல்லுங்கள். அரசிடம் பொய்க் கணக்குக் காட்டிய காகிதம் ஒன்று பிள்ளையின் பெயரில் இருப்பது, பிற்பாடு வேறு எதற்காவது சரிபார்க்கும்போது தலைவலி.

சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தார் வரை போய் வர நாளாகும், பள்ளியில் கடைசித் தேதி சொன்ன பிறகு ஓடாதீர்கள். தேர்வில் மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம், பட்டியலின, பழங்குடி மாணவர்கள் 50 சதவீதம் எடுத்திருந்தால்தான் எழுத முடியும். மதிப்பெண் அட்டையை எடுத்துப் பாருங்கள். மனத்திறன் பகுதிக்கு அக்காவிடம் பழைய வினாத்தாள் இருக்கும். மகனுக்குத் தனிக் கணக்கு இன்னும் திறக்கவில்லை என்றால், மகளோடு வங்கிக்குப் போகும் அன்றே அவனையும், இரண்டு பேர் ஆதாரையும், உங்கள் ஆதாரையும், குடும்ப அட்டையையும், ஆளுக்கு இரண்டு புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.